சுவரோரத்து ஏழாம் எண்

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு 'மியூட்' என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கூட்டம். டைரக்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வருகை பார்த்தார். தன் முறை வந்தபோது அவள் "சார்" என்றாள். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் "சார்" என்றாள். "லீவா?" என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார். அவருக்கு நேர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அன்று முழுக்க அவள் லீவில் இருந்தாள்.

செடிகளோடு அவளுக்கு இந்தத் தொல்லை கிடையாது. செடிகள் யாரையும் சத்தமாகப் பேசச் சொல்வதில்லை.

அவளுடைய வேலை, தட்டைப்பயற்றைத் தாகத்தில் நிறுத்திவைத்து அது என்ன செய்கிறது என்று பார்ப்பது. சொல்வதற்கே கொஞ்சம் கொடுமையான வேலை. மழை படாமல் கூரை போட்ட நீளமான ஷெட். தரையில் ஜல்லி. அதன் மேல் இடுப்பளவு உயரத்துக்கு பிளாஸ்டிக் குழாய்கள், ஒவ்வொன்றிலும் மண், ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பயற்றஞ்செடி. மொத்தம் ஏழு ரகம். மொட்டு தெரியும் வரைக்கும் எல்லாச் செடிக்கும் ராஜ உபசாரம். மொட்டு தெரிந்த அன்றோடு தண்ணீர் நின்றுவிடும்.

அதன்பிறகுதான் வேடிக்கை. முதலில் புது இலைகள் சின்னதாக வரும். மத்தியானம் ஆனால், கூட்டமான பஸ்ஸில் ஆள் பக்கவாட்டில் திரும்பி நிற்பதைப்போல இலைகள் வெயிலுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். இலைத்துளைகள் மூடும். ஈரம் மிஞ்சும், ஆனால் இலைக்குள் நடக்கிற சமையல் நின்றுவிடும். வேர் முடிச்சுகள் சுருங்கும். அடுத்து பூக்கள். சாப்பாடு போதாது என்று தெரிந்ததும் பாதி விருந்தாளிகளை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வீடு மாதிரி, செடி தன் பூக்களைத் தானே கீழே போட ஆரம்பிக்கும். தப்பித்து நின்ற காய்களிலும் சில விதைகள்தான் முற்றும். மீதி சப்பை.

ஆறு ரகங்கள் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தன. ஏழாம் எண் மட்டும் செய்யவில்லை.

ஏழாம் எண் தளதளவென்று நின்றது. பூ கொட்டவில்லை. காய்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. மண்ணின் ஈரம் பார்க்கும் கம்பியைச் செருகினால், குழாய்க்குள் இருந்த ஈரம் நாளுக்கு நாள் அப்படியொன்றும் குறையவில்லை. அதாவது செடி தண்ணீரும் குடிக்கவில்லை, காயையும் குறைக்கவில்லை.

டைரக்டர் ஷெட்டுக்கு வந்து ஏழாம் எண்ணின் முன்னால் நின்றார். அவர் நல்ல மனிதர். எதைச் சொன்னாலும் பாதியில் "நல்லது, நல்லது" என்பார், அது ஒன்றுதான். "பாருங்க," என்றார். "ஒண்ணாம் நம்பர் ரொம்ப மோசம். ரெண்டு கொஞ்சம் தேவலை. மூணு அதைவிடத் தேவலை. ஏழு பிரமாதம்! வரிசை மாறாம ஏறுது. இயற்கைக்கே எண்ணத் தெரியுதே!"

"சார், அதுதான் எனக்கும்..." என்று அவள் தொடங்கினாள்.

"நல்லது, நல்லது," என்றார் அவர். "விதை நாள்ல இதையே கொடுத்துடுவோம்."

விதை நாள் என்றால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் நிலையத்துக்கு வந்து புது விதை வாங்கிப்போகிற நாள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மானாவாரி நிலம். மழை வந்தால் உண்டு, வராவிட்டால் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். விதைப் பண்ணையில் ஏழு ரகத்தையும் முன்பே பெருக்கியிருந்தார்கள். இந்த விவசாயிகளுக்காக ஏழாம் எண் மட்டும் காகிதப் பைகளில் அடைத்து, அடுக்கித் தயாராக இருந்தது. அடுத்த பருவம் அதை நம்பித்தான் அவர்கள் விதைப்பார்கள்.

இந்த இடத்தில் ஷெட் மேற்பார்வையாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு நிலையத்தில் 'நேர்கோடு' என்று பெயர். எதை வைத்தாலும் கொத்தனார் நூல் பிடித்துத்தான் வைப்பார். பூந்தொட்டி, சைக்கிள், மதியச் சாப்பாட்டு டப்பா, எதுவானாலும் சரி. அவர் மேஜையில் பேனா கோணலாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

பருவத்தின் தொடக்கத்தில் அவள் சீட்டுக் குலுக்கி, எந்தக் குழாய் எங்கே நிற்க வேண்டும் என்று படம் போட்டு அவரிடம் கொடுத்திருந்தாள். சீட்டு விளையாட்டுக்கு இல்லை. ஷெட்டில் ஒரு மூலையில் வெயில் கூடும், ஒரு மூலையில் காற்று கூடும். நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டு எந்த ரகமும் பேர் வாங்கிவிடக் கூடாது. அதனால் ஒரே ரகத்தின் குழாய்கள் ஷெட் முழுக்கச் சிதறி நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் ஷெட்டில் அணிவகுப்பு. ஒன்றாம் எண் ஒரு வரிசை, இரண்டாம் எண் ஒரு வரிசை, இப்படியே கடைசிச் சுவரோரம் ஏழாம் எண். நூல் பிடித்த மாதிரி என்று சொல்வதற்கில்லை. நூலே பிடித்திருந்தார்.

"எப்படி இருக்கு தங்கச்சி?" என்றார் நேர்கோடு, இடுப்பில் கைவைத்து.

"அண்ணா... அது வந்து... அந்தப் படத்துல..."

"படமா அது? மூட்டை அவுந்து கொட்டின மாதிரில்ல இருந்துச்சு! மூணாம் நம்பர் ஒண்ணு இங்க, இன்னொண்ணு அங்க. ஒரே வீட்டுப் பிள்ளைங்களைப் பிரிச்சுப் பிரிச்சு ஆளுக்கொரு ஹாஸ்டல்ல போட்டா அதுங்க ஏங்கிப் போயிடாது? நானே ஞாயித்துக்கிழமை வந்து ஒண்ணு சேர்த்தேன். லீவு நாள்ல!"

அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. அவள் வாயைத் திறந்தாள். வாயிலிருந்து வந்தது இதுதான்: "நல்லா இருக்கு அண்ணா."

அன்று மாலையே சரிசெய்யச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மாலையில் நாளைக்கு என்று நினைத்தாள். நாளைக்கு முளை வந்துவிட்டது, இனி அசைத்தால் பிஞ்சு வேர் கெடும். ஷெட்டுக்குள் எல்லா இடமும் ஏறக்குறைய ஒன்றுதானே, கூரையும் ஒன்று, ஜல்லியும் ஒன்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் பூ விடும்வரை தாங்கியது.

விதை நாளுக்கு முந்தைய நாள் மத்தியானம், அவள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கேன்டீன் ஷெட்டை ஒட்டியே இருந்தது. கேன்டீன் அக்கா டம்ளர் கழுவிக்கொண்டே பேசுவார். பேசிக்கொண்டே டம்ளர் கழுவுவார் என்றும் சொல்லலாம்.

"இந்த வருஷம் எனக்கு ஒரு நிம்மதி பாத்துக்கோ. கழுவுற தண்ணி போற குழி இருக்குல்ல, வருஷா வருஷம் ரொம்பி வழியும், ஆள் வச்சு அள்ளணும். இந்த வருஷம் ஒரு தடவைகூட அள்ளல. கொசுவும் இல்ல. எங்க போகுதுன்னே தெரியல."

"பரவாயில்லையே அக்கா," என்றாள் அவள். அந்த நேரத்தில் டீ நன்றாக இருந்தது. அவள் வேறெதுவும் யோசிக்கவில்லை.

அப்போதுதான் நேர்கோடு வந்து நின்றார். "தங்கச்சி, டைரக்டர் ஃபோன் பண்ணாரு. ஏழாம் நம்பர்ல நல்லதா மூணு குழாயை நாளைக்கு மேடையில வைக்கணுமாம். இப்பவே தூக்கிடுவோம்."

குழாய்களைத் தூக்க ஷெட் உத்தரத்தில் சங்கிலிக் கப்பி ஒன்று உண்டு. முதல் குழாயில் பட்டை மாட்டி நேர்கோடு சங்கிலியை இழுத்தார். சங்கிலி விறைத்தது. குழாய் அசையவில்லை.

"என்னடா இது," என்றார். "குழாய்க்கே வேர் விட்டுடுச்சா?" சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, பலமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

பழைய வேட்டியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. குழாய் ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டு மேலே போனது. அடியில், தண்ணீர் வடிவதற்காக வைத்திருந்த துளைகளிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்கள் தொங்கின. சீப்பே படாத தலைமுடி மாதிரி. எல்லாம் பாதியில் அறுந்திருந்தன.

அவள் கீழே குந்தி உட்கார்ந்து ஜல்லியைக் கிளறினாள். மேல் ஜல்லி காய்ந்திருந்தது. ஒரு சாண் ஆழத்தில் ஈரம். இன்னும் கொஞ்சம் தோண்டினால் சகதி. அறுந்த வேர்களின் மறுபாதி அதற்குள் சுவரை நோக்கிக் கொத்தாகப் போயிருந்தது. ஒரு வேரைப் பிடித்து இழுத்து விரலில் தேய்த்தாள். கறுப்பாக ஏதோ ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

டீத்தூள்.

சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன் அக்கா டம்ளர்களை அலசும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஏழாம் எண் வறட்சியைத் தாங்கவில்லை. அதற்கு வறட்சியே வரவில்லை. மற்ற செடிகள் நாக்கு வறண்டு கிடந்தபோது, சுவரோரத்தில் இது பாட்டுக்கு ஒரு பருவம் முழுக்கக் கேன்டீன் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. ஆறாம் எண் இரண்டாவது இடம் பிடித்தது ஏனென்றும் இப்போது தெரிந்தது. சுவரிலிருந்து அதுதான் இரண்டாவது வரிசை. எண்ணத் தெரிந்தது இயற்கைக்கு இல்லை, நேர்கோடு அண்ணனுக்கு.

அவள் மெல்லிய குரலில் அவருக்கு விளக்கினாள். அவர் சங்கிலியைப் பிடித்தபடியே கேட்டார்.

"அப்போ நான் பண்ணின வேலையா இது?"

"நானும்தான் அண்ணா. நல்லா இருக்குன்னு சொன்னேன்ல."

"ஆமா, சொன்ன," என்றார் நேர்கோடு, கொஞ்சம் தெம்பு வந்தவராக. "சரி, நீயே போய் டைரக்டர்கிட்ட சொல்லிடு. உன்மேல அவரால கோபப்பட முடியாது. காதுல விழுந்தாத்தானே கோபப்படுறதுக்கு?"

அவள் போனாள். டைரக்டர் ஃபோனில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "சார், ஏழாம் நம்பர்..." என்றாள். "நல்லது, நல்லது, மேடைக்கு வந்தாச்சா?" என்று கேட்டு, பதில் வருவதற்குள் பந்தலுக்குத் திரும்பிவிட்டார். சாயங்காலம் அவர் படியிறங்கும்போது கூடவே இறங்கினாள். "சார், வேர் வெளிய போயி..." "வேரைப் பத்தி நாளைக்கு மேடையில நீங்களே ரெண்டு வார்த்தை பேசுங்களேன்! கூச்சமும் போகும். நல்லது!" கார்க் கதவு மூடியது.

பஸ் நிறுத்தத்தில் நின்றபடி கைபேசியில் தட்டினாள். 'சார், ஏழாம் எண்ணின் முடிவு செல்லாது. வேர் குழாய்க்கு வெளியே போய்க் கேன்டீன் கழிவுநீரைக் குடித்திருக்கிறது. விதையைக் கொடுக்க வேண்டாம்.' அனுப்பிய கையோடு பதில் வந்தது. ஒரு கட்டைவிரல். படித்துவிட்டு அனுப்புகிற பதில் அவ்வளவு சீக்கிரம் வராது.

அவளுடைய அம்மா பஸ் கண்டக்டர். அவர் குரல் கொடுத்தால் மூன்று நிறுத்தம் தள்ளித் தூங்குகிறவன்கூட எழுந்து டிக்கெட் எடுப்பான் என்று டெப்போவில் பேச்சு. இப்படிப்பட்ட வயிற்றில் இப்படி ஒரு பிள்ளை எப்படி என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டாகிவிட்டது. அன்று அம்மா வேலை முடிந்து வந்து, சீருடைகூட மாற்றாமல், வெந்நீர் வாளியில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"டீயா!" அம்மா வாளியில் தண்ணீர் தளும்பச் சிரித்தார். "கொடுத்துவச்ச செடி. சரி, அவருக்குக் காது கேக்குமா, கேக்காதா?"

"கேக்கும்மா."

"அப்போ?"

"மெசேஜ் போட்டுட்டேன்ல. சொன்னதாத்தானே அர்த்தம்?"

"அவர் படிக்கலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவள் சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"நாளைக்கு அந்த ஜனங்க பையை வாங்கிட்டுப் போய் விதைச்சிட்டு உக்காந்திருக்கும். மழை வராது. யாரு போய் அதுக்கு டீ ஊத்துறது?" அம்மா காலைத் துண்டால் துடைத்தார். "நாளைக்கு எனக்கு ஓய்வு நாள்தான். நான் வேணா வந்து சொல்லிடவா? மேடையெல்லாம் வேண்டாம். கேட்டுல நின்னே சொல்லிடுவேன், உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும்."

"அம்மா, வேண்டாம்மா!"

பக்கத்து வீட்டில் யாரோ டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அம்மா, "இந்தச் சத்தம் போதும்," என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் காலை ஹால் நிரம்பியிருந்தது. டைரக்டர் சொன்னபடி மீதி இரண்டு குழாயையும் நேர்கோடு வேரறுத்துத் தூக்கியிருந்தார். மேடையில் மூன்று குழாய்கள், நூல் பிடித்து. அவற்றின் மேல் ஏழாம் எண், காய்களோடு. மூன்று விளக்குகள் அவற்றின்மேல் அடித்தன. இரவுக் குளுமையின் தயவில் செடிகள் இன்னும் சமாளித்துக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. காலையிலேயே இலைகள் ஒருக்களித்திருந்தன.

மேடைக்குப் பக்கத்தில் விதைப் பை மேஜைதான் அவள் பொறுப்பு. நேர்கோடு கையில் ஒரு செம்போடு அவளிடம் வந்து குனிந்தார்.

"தங்கச்சி, ஆளுக்கு ரெண்டு செம்பு ஊத்திடவா? நிமிந்துக்கும். யாருக்குத் தெரியப்போகுது?"

"அறுந்த வேர் எப்படி அண்ணா குடிக்கும்?" என்றாள். பிறகு, "குடிச்சாலும் வேண்டாம்," என்றாள். அவர் செம்பைத் தானே குடித்துவிட்டுப் போனார்.

டைரக்டர் பேச ஆரம்பித்தார். அவருடைய முதுகு செடிகளுக்கும் முகம் சபைக்கும் இருந்தது. அதனால் நடந்ததையெல்லாம் அவரைத் தவிர எல்லாரும் பார்த்தார்கள்.

"மொட்டு விட்ட நாள்லேருந்து இந்தச் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது!" என்றார். நடுக்குழாயின் மேல் இலை ஒன்று மெதுவாகத் தலையைத் தொங்கப் போட்டது.

"ஆனா தளர்ந்துச்சா? இல்லை!" அடுத்த குழாயில் இரண்டு இலைகள்.

"நெஞ்சை நிமித்தி நிக்குது!" மூன்றாவது செடி முழுசாகவே மடங்கி, குழாயின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டது.

முன்வரிசையில் மடியில் குடையை வைத்துக்கொண்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயிலேறிய முகம். அவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம், ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, ஹாலுக்கே கேட்கும்படி சொன்னார்: "ஐயா பேசப் பேச அதுக்குத் தூக்கம் வருது பாரு."

சிரிப்பு அலையடித்தது. டைரக்டர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். பிறகு சமாளித்தார். "ஏசி காத்து ஒத்துக்கல. பயணக் களைப்பு வேற."

"ஷெட்டுலேருந்து இங்க வர்றது ஒரு பயணமா ஐயா?" என்றது பின்வரிசை.

"நல்லது, நல்லது," என்றார் டைரக்டர். "விதை நம்ம கையில. அதுதான் முக்கியம். வரிசையா வந்து வாங்கிக்கோங்க."

நாற்காலிகள் நகர்ந்தன. வரிசை நேராக அவள் மேஜைக்கு வந்தது. முதல் ஆள் குடைக்கார அம்மாள்தான். கையை நீட்டினார்.

அவள் ஒரு பையை எடுத்தாள். நீட்டினாள். அந்த அம்மாள் பையைப் பிடித்தார். அவள் விடவில்லை. அவர் லேசாக இழுத்தார். அவளும் இழுத்தாள். "விடும்மா கண்ணு, பின்னாடி ஆள் நிக்குது," என்றார். பை கிழியப் போகிற மாதிரி விறைத்தது. அந்த விறைப்பை அவள் நேற்று சங்கிலியில் பார்த்திருக்கிறாள்.

"அம்மா, வேண்டாம்மா!"

முந்தின நாள் வீட்டில் வந்த அதே சத்தம். மேஜையிலிருந்து சில பைகள் கீழே விழுந்தன, அது அவள் கை பட்டுத்தான். ஹால் அப்படியே நின்றது. டைரக்டர், யார் கத்தியது என்று சபையைத் தேடினார். மியூட் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

இனி நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

"இது வறட்சியைத் தாங்கல. டீ குடிச்சிருக்கு," என்றாள்.

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிப்பு ஓய்வதற்குக் காத்திருக்கவில்லை. குழாய் அடியில் துளை இருப்பதை, சுவருக்கு அந்தப் பக்கம் கேன்டீன் குழி இருப்பதை, வேர் ஜல்லிக்குள் சுவரை நோக்கிப் போனதை, நேற்று இழுத்தபோது அது அறுந்ததை, அதனால்தான் இன்று மேடையில் செடி சாய்கிறது என்பதை ஒரே மூச்சில் சொன்னாள். "சீட்டுப்படி குழாய்ங்க கலந்து நிக்கணும். வரிசையா நின்னுச்சு. நான் பார்த்தேன். பார்த்துட்டு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அதனால இது நல்ல ரகமா, நல்ல இடத்துல நின்ன ரகமா, எனக்குத் தெரியாது."

கதவோரம் நின்ற நேர்கோடு கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். கேன்டீன் அக்கா, கையில் டீத் தட்டோடு, "என் குழியா!" என்றார்.

டைரக்டர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"எப்ப தெரிஞ்சுது?"

"நேத்து மத்தியானம் சார்."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னேன் சார். ரூம்ல ஒரு தடவை, படியில ஒரு தடவை. அப்புறம் மெசேஜ்."

அவர் கைபேசியை எடுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். செய்தி இருந்தது. அதன் கீழே அவருடைய கட்டைவிரலும் இருந்தது. அவர் அந்தக் கட்டைவிரலையே கொஞ்ச நேரம் பார்த்தார். அது அவரைப் பார்த்து நன்றாக நிமிர்ந்து நின்றது, மேடையில் எதுவும் நிற்காத அளவுக்கு.

குடைக்கார அம்மாள் இன்னும் மேஜை முன்னால்தான் நின்றார். "எங்க காட்டுல டீக்கடை கிடையாது கண்ணு," என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். தண்ணி எங்க இருக்குன்னு மோப்பம் பிடிச்சு அவ்வளவு தூரம் வேர் விட்டுச்சே, அது நல்ல குணம்தானே?"

அவளுக்கே அந்த ஆசை நேற்றிலிருந்து இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சந்தோஷம்.

"இருக்கலாம்மா. ஆனா ஒண்ணாம் நம்பரை அங்க வச்சிருந்தா அதுவும் போயிருக்கும். வச்சுப் பார்க்கல. பார்த்தாத்தான் தெரியும்."

"சரி, பாத்துட்டுக் கூப்பிடு," என்று அந்த அம்மாள் பையின் தன் பக்கத்தை விட்டார். "தெரியாத விதையைப் போட்டுட்டு வானத்தைப் பார்க்கவா? தெரிஞ்ச விதையைப் போட்டுட்டே அதைத்தானே பண்றோம்."

டைரக்டர் மைக்குக்குத் திரும்பிப் போனார். தொண்டையைச் செருமினார். அவர் 'நல்லது' என்று சொல்லப் போகிறார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் சொல்லவில்லை.

"இன்னிக்கு விதை கிடையாது. அடுத்த பருவம் திரும்பவும் பார்க்கிறோம், பார்த்துட்டுத் தர்றோம். மன்னிக்கணும்." கொஞ்சம் யோசித்தார். "வந்ததுக்கு எல்லாரும் டீ சாப்பிட்டுட்டுப் போங்க."

இந்தத் தடவை சிரிப்பில் அவரும் கொஞ்சம் சேர்ந்துகொண்டார்.

அடுத்த பருவம் ஷெட்டில் ஜல்லிக்கு மேல் இரும்பு மேடை போட்டார்கள். இனி எந்தக் குழாயின் அடியும் தரையைத் தொடாது. கேன்டீன் குழி பழையபடி நிரம்பி வழிந்தது. கொசு திரும்பி வந்துவிட்டது. அக்கா அவளைப் பார்க்கும்போதெல்லாம், "உன் செடி இருந்தவரைக்கும் நிம்மதியா இருந்தேன்," என்று குறைபட்டார்.

சீட்டுக் குலுக்க டைரக்டரே வந்தார். கண்ணை மூடிக்கொண்டு முதல் சீட்டை எடுத்தார். சுவரோரத்து முதல் இடம். பிரித்தால் ஏழு.

"பாத்தியா," என்றார் நேர்கோடு. "அதுக்கே அங்கதான் ஆசை. நான் மட்டும் தப்பாம்."

"வந்த சீட்டு வந்ததுதான். வைங்க அண்ணா," என்றாள் அவள்.

ஒவ்வொரு சீட்டாக எடுத்து, ஒவ்வொரு குழாயாக வைத்தார்கள். ஏழுக்குப் பக்கத்தில் இரண்டு, அதற்கடுத்து ஐந்து, மறுபடி இரண்டு. நேர்கோட்டுக்கு ஒவ்வொரு சீட்டும் பல் பிடுங்குகிற மாதிரி இருந்தது. ஒரு தடவை, யாரும் பார்க்காதபோது, ஒரு மூன்றை இன்னொரு மூன்றுக்குப் பக்கத்தில் நகர்த்தப் பார்த்தார்.

"அண்ணா!" என்றாள் அவள், ஷெட்டின் மறுகோடியிலிருந்து.

அவர் கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். "காது செவிடாகிடும்போல இருக்கு," என்று முணுமுணுத்தார். "மியூட்டாம், மியூட்டு. யாரு வச்ச பேரோ."

கடைசிக் குழாயும் வைத்தாகிவிட்டது. நேர்கோடு பழக்கதோஷத்தில் பையிலிருந்து நூலை எடுத்து, எதைப் பிடிப்பது என்று தெரியாமல், திரும்ப உள்ளே வைத்தார். எண்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், மூட்டை அவிழ்ந்து கொட்டின மாதிரி நின்றன.

"எப்படி இருக்கு தங்கச்சி?" என்றார், அழாத குறையாக.

அவள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"கண்றாவியா இருக்கு அண்ணா," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."